பல்கலைக்கழக வாயிலுக்கு முன் இரண்டு ஆண்டுகள்



யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணிலே மிளகாய் பயிரிடும் கமக்காரர்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். நாற்றுமேடையிலே செழித்து நின்ற கன்றைப் பிடுங்கித் தோட்டத்திலே நட்டதும் அது முதலிற் செய்வது யாது? வாடுவதுதான். இலைகள் தொங்கிவிடும், தண்டு தலைசாயும். விவசாயம் அறியாத ஒருவர் அதனைப் பார்த்தால், ‘இது பிழைக்காது’ என்றே சொல்லிவிடுவார். ஆனால், கமக்காரர் அதைப் பிடுங்கி எறிவதில்லை. மாலையிலே தண்ணீர் வார்க்கிறார், வெயில் கடுமையாயின் நிழல் கொடுக்கிறார், பின்னர்க் காத்திருக்கிறார். பிடுங்கும்போது வேர் அறுந்த கன்று புதுவேர் விடுவதற்குச் சில நாட்கள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தர வகுப்பிலே புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவனும் இப்படி இடம் மாற்றி நடப்பட்ட கன்றே. அந்த வகுப்பின் முதலாவது தவணையிலே அவன் வாடுகிறான். கமக்காரருக்குள்ள பொறுமை பெற்றோராகிய நமக்கும், ஆசிரியராகிய நமக்கும், அந்த மாணவனுக்கும் இல்லாது போவதனால், பிழைத்திருக்கக்கூடிய கன்றுகள் பல ஆண்டுதோறும் பிடுங்கி எறியப்படுகின்றன. இதனைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

உயர்தர வகுப்பு என்பது பல்கலைக்கழகக் கல்விக்கான ஆயத்த வகுப்பு. பெயரளவில் அது பாடசாலையின் இறுதி இரண்டு ஆண்டுகள். உண்மையில் அது பல்கலைக்கழகத்தின் முன்வாயில். சாதாரண தரத்திலே ஒரு மாணவன் ஒன்பது பாடங்கள் படிக்கிறான். ஒன்றிலே சற்றுத் தளர்ந்தாலும் மற்றவை அவனைத் தாங்கிக்கொள்ளும். உயர்தரத்திலே அவன் எடுப்பவை மூன்று முதன்மைப் பாடங்கள் மாத்திரம். முக்காலியின் ஒரு கால் முறிந்தால் அதில் அமர முடியாதன்றோ? பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவதற்கு, ஒரே அமர்விலே அந்த மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியேனும் பெற்றிருத்தல் வேண்டும்.

பாடங்களின் தொகை குறைந்ததனால் வேலை குறைந்ததென எண்ணுவது தவறு. சாதாரண தரத்திலே விஞ்ஞானம் ஒன்பதில் ஒரு பாடம். உயர்தரத்திலே அதுவே பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் எனப் பிரிந்து, ஒவ்வொன்றும் தாய்ப் பாடத்தைவிடப் பன்மடங்கு பெரிதாகி நிற்கிறது. கலைப் பிரிவிலும் இதே நிலைதான். வரலாற்றுப் பாடத்திலே ஆண்டையும் அரசனையும் சொன்னால் முன்னர்ப் புள்ளி கிடைத்தது. இப்பொழுது, அந்த அரசு ஏன் எழுந்தது, ஏன் வீழ்ந்தது என்று காரணங்களை நிறுத்துக் காட்டக் கேட்கிறார்கள். அதாவது, வினாவின் இயல்பே மாறிவிடுகிறது. ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேட்ட பரீட்சை, ‘தெரிந்ததை வைத்து நீ என்ன செய்வாய்?’ என்று கேட்கத் தொடங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதனை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கிராமப் பாடசாலையிலே முதலாம் பிள்ளையாக நின்றவன், உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பெரிய பாடசாலைக்கு வருகிறான். அங்கே அவனைச் சுற்றியிருப்பவர் அனைவரும் தத்தம் பாடசாலைகளிலே முதலாம் பிள்ளைகளாக இருந்தவர்கள். அவனுடைய அறிவு ஓர் அணுவேனும் குறையவில்லை. ஆயினும் அவனுடைய இடம் முதலாவதிலிருந்து இருபதாவதாக மாறிவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு விளங்குவதில்லை. ‘நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன், அது பொய்’ என்றே அவன் தனக்குள் முடிவு கட்டிக்கொள்கிறான்.

நேயர்களே, இந்த இடத்திலே என்னுடைய பிழையொன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதிபர் பதவியை ஏற்ற முதலாவது ஆண்டிலே, கணிதப் பிரிவிற் சேர்ந்து மூன்று மாதமே ஆன மாணவன் ஒருவன், தகப்பனாருடன் வந்து விடுகைப் பத்திரம் கேட்டான். முதலாம் தவணையிலே இணைந்த கணிதத்தில் இருபத்திரண்டு புள்ளி. நகரத்துக் கடையொன்றிலே வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னார்கள். அன்று எனக்கு வலயக் கல்வி அலுவலகத்திலே கூட்டம், அவசரம். பத்திரத்தை வாங்கினேன், கையொப்பமிட்டேன், கொடுத்துவிட்டேன். ‘ஏன் போகிறாய், தம்பி?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னர் ஒருநாள் அவனுடைய பழைய கணிதக் கொப்பி ஆசிரியர் அறையிலே கிடக்கக் கண்டேன். புரட்டிப் பார்த்தபோது, விடைகள் பிழையாயினும் வழிமுறைகளிற் பெரும்பாலானவை சரியாக இருந்தன. கன்று வேர் விடத் தொடங்கியிருந்தது; நான்தான் அதைப் பிடுங்கக் கைகொடுத்தேன். இன்றும் விடுகைப் பத்திரம் ஒன்று மேசைக்கு வரும்பொழுது அந்தக் கொப்பி என் கண்முன் வருகிறது.

இருபத்திரண்டு புள்ளி என்பதன் பொருள்தான் என்ன? இதனை விளங்கிக்கொள்ள, பல்கலைக்கழக அனுமதி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பதைச் சற்று அறிதல் நலம். 2001 ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டிலே ‘இசட் புள்ளி’ என்னும் முறை கையாளப்படுகிறது. ஒரு பாடத்திலே மாணவன் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்திற்குத் தோற்றிய அனைவரதும் சராசரிப் புள்ளியைக் கழிக்கிறார்கள். வரும் விடையை, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலினால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. கடினமான ஒரு பாடத்திலே சராசரி 37, நியம விலகல் 10 என்று வைத்துக்கொள்வோம். அதிலே 52 பெற்றவனுக்கு இசட் புள்ளி ஒன்றரை. இன்னொரு பாடத்திலே சராசரி 60, நியம விலகல் 16. அதிலே 68 பெற்றவனுக்கு இசட் புள்ளி அரை மாத்திரமே. வீட்டிலே அறிக்கையைப் பார்க்கும் தாய் தந்தையர் 68 ஐக் கண்டு மகிழ்வர். 52 ஐக் கண்டு முகம் சுளிப்பர். ஆனால், தராசு வேறு விதமாக நிறுக்கிறது.

எனவே, சாதாரண தரத்திலே தொண்ணூறு பெற்றுப் பழகிய கண்களால் உயர்தரப் புள்ளிகளைப் பார்த்தல் கூடாது. அவை வேறொரு நாணயம். முதலாம் தவணையிலே நாற்பது பெறும் பிள்ளையைப் பார்த்து, ‘பாதியும் இல்லையே!’ என்று சொல்லுமுன், வகுப்பின் சராசரி எவ்வளவு என்று கேட்டறியுங்கள். அந்த ஒரு கேள்வி சில பிள்ளைகளின் வாழ்க்கையைக் காப்பாற்றும்.

இனி, தாக்குப்பிடித்தல் எவ்வாறு என்பதற்கு வருவோம். விடாமுயற்சி என்றவுடன் நம்மவர் நினைப்பது நீண்ட நேரம் கண்விழித்திருப்பதையே. பாடசாலை முடிந்ததும் ஒரு தனியார் வகுப்பு. அது முடிந்ததும் இன்னொன்று. சனி ஞாயிறு விடியற்காலை முதல் மற்றுமொன்று. ஓராண்டிலே மாணவன் எத்தனையோ நூறு மணித்தியாலம் பிறர் சொல்லக் கேட்கிறான். தானாகச் செய்து பார்த்த மணித்தியாலங்களை எண்ணச் சொன்னால், அவனிடம் விடை இல்லை. தனியார் வகுப்புக்களை நான் குறை கூறவில்லை. நல்லாசிரியர்கள் அங்கும் உளர். ஆனால், சமைப்பதைப் பார்த்துக்கொண்டேயிருப்பவன் பசியாறுவதில்லை.

ஜேர்மனிய உளவியல் அறிஞர் ஹேர்மன் எபிங்ஹவுஸ், தம்மையே சோதனைப் பொருளாக வைத்து நினைவாற்றலை ஆராய்ந்து, 1885 ஆம் ஆண்டிலே நூலொன்றை வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனனஞ் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என அவர் அளந்தார். மறதி தொடக்கத்திலே மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் படித்தால், ஒரே மூச்சிற் படிப்பதைவிடக் குறைந்த முயற்சியிலே நினைவு நிலைக்கும் என்பதையும் அவர் காட்டினார். ஆகவே, இன்று கற்றது நாளை பாதி மறந்துபோனால், அது மூளையின் குறைபாடன்று, மனித இயல்பு. மறப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதே பரிகாரம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவர் 2006 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு இன்னுமொரு படி மேலே செல்கிறது. ஒரு பகுதியை மாணவர் சிலர் திரும்பத் திரும்ப வாசித்தனர். வேறு சிலர் ஒருமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது, திரும்ப வாசித்தவர்களே முன்னணியில் நின்றனர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. மூடிவைத்து எழுதியவர்களுக்கே அதிகம் நினைவிலிருந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வாசிக்கும்போது ‘எல்லாம் விளங்குகிறது’ என்று தோன்றும் இன்பம் நம்பத்தக்கதன்று. மூடிவைத்து எழுதும்போது தோன்றும் தடுமாற்றமே உண்மையான படிப்பு. அந்தத் தடுமாற்றத்தைத் தோல்வியென நினைத்து மாணவன் விலகி ஓடுகிறான். அதிலே நின்று பழகுவதற்குத்தான் விடாமுயற்சி என்று பெயர்.

இதனை நடைமுறைப்படுத்த நான் என் மாணவர்களுக்குச் சொல்வது மூன்று காரியங்கள். முதலாவது, அன்றன்று கற்ற பாடத்தை அன்றிரவே, கொப்பியை மூடிவைத்து, ஒரு பக்கத்தில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். இரண்டாவது, வாரத்தில் ஒருநாள், கடந்தகால வினாத்தாளில் முடித்த அலகுக்குரிய வினா ஒன்றை, நேரத்தைக் கணக்கிட்டுச் செய்து பாருங்கள். பௌதிகவியலிலே ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவிற்கு இரண்டரை நிமிடங்கூட இல்லை. அந்த வேகம் கடைசி மாதத்திலே ஓடிவந்து சேர்வதன்று. மூன்றாவது, பிழைகளுக்கென்று ஒரு தனிக் கொப்பி வைத்திருங்கள். எந்தக் கணக்கிலே, எந்த அடியிலே, ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றக் கொப்பிகள் ஆசிரியர் சொன்னவை. இந்தக் கொப்பி மாத்திரமே உங்களுடையது.

‘வசதியில்லை’ என்று சொல்லும் பிள்ளைகளுக்கு என் அநுபவம் ஒன்று சொல்வதுண்டு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் நின்றுபோயிற்று. நான் உயர்தரம் படித்தது அந்த ஆண்டுகளில். மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஜாம் போத்தலிலே சிறிது பஞ்சும் சொற்ப மண்ணெண்ணெயும் இட்டு எரித்த சிக்கன விளக்கைச் சுற்றி நாங்கள் நால்வர் அமர்ந்திருப்போம். இரவுக்கு ஒரு மணித்தியால வெளிச்சமே எங்களுக்கு உரியது. அதனால், பகலிலே படித்ததை விளக்கு அணைந்தபின் இருட்டிலே ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்ப்போம். புத்தகத்தை மூடிவைத்துப் படிக்கும் முறையை ஆராய்ச்சி நூல் எங்களுக்குக் கற்பிக்கவில்லை, இருட்டுக் கற்பித்தது.

அவ்வாறு படித்தும் முதலாம் முறை நான் தோற்றேன் என்பதையும் மறைக்கலாகாது. தந்தையாரின் விருப்பத்துக்காக நான் கணிதப் பிரிவிலே சேர்ந்திருந்தேன். நேர்மையாக உழைத்தேன், எனினும், ஓராண்டு முடிவிலும் செய்த பிழைகளையே மீண்டும் செய்தேன். பின்னர்க் கலைப் பிரிவுக்கு மாறி, இரண்டாம் முறை தோற்றிச் சித்தியடைந்து, பட்டதாரியானேன். ஆகவே, விடாமுயற்சி வேறு, பிடிவாதம் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டு: உங்கள் பிழைகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். புதுப் புதுப் பிழைகள் வருமாயின் நீங்கள் முன்னேறுகிறீர்கள், தயங்காது தொடருங்கள். இரண்டு தவணைகள் மனமொன்றி உழைத்தும் அதே பிழைகள் அதே இடத்தில் நிற்குமாயின், மனமும் வேறொரு பாடத்தை நாடுமாயின், பிரிவு மாறுவது இழுக்கன்று. ஆனால், ஒன்று. கன்று வாடி நிற்கும் முதல் மாதங்களிலே அந்த முடிவை எடுக்காதீர்கள்.

அந்த மாணவனுக்குச் செய்யத் தவறியதைச் சில ஆண்டுகளின் பின் ஒரு மாணவிக்குச் செய்ய எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்து விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தவள். இரசாயனவியலிலே பதினெட்டுப் புள்ளி. தாயார் வந்தார். ‘ஐயா, பிள்ளைக்கு இது ஏறாது. இரவிரவாய் அழுகிறாள். தையல் வகுப்பிலாவது சேர்த்து விடுகிறேன்’ என்றார். நான் சொன்னேன்: ‘அம்மா, தையல் நல்ல தொழில்தான். ஆனால், இன்னும் ஒரு தவணை எனக்குத் தாருங்கள். அதுவரை புள்ளியைப் பற்றி வீட்டிலே ஒருவரும் பேச வேண்டாம். இரவு பத்தரைக்கு அவளைப் படுக்க வையுங்கள், அதுபோதும்.’

தாயார் வாக்குக் காப்பாற்றினார். இரசாயன ஆசிரியை, அவளுடைய பிழைக் கொப்பியை வாரந்தோறும் பார்த்தார். அடுத்த தவணையிலே முப்பத்தொன்று. அதன் பின்னர் நாற்பத்தாறு. முதலாம் முறை அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் விரும்பிய கற்கைநெறி கிடைக்கவில்லை. ஆனால், தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானாள். இன்று ஓர் அரசாங்கப் பாடசாலையிலே விஞ்ஞானம் கற்பிக்கிறாள். முதலாம் தவணையிலே அழும் பிள்ளைகளைக் கண்டால், தன்னுடைய பதினெட்டுப் புள்ளி அறிக்கையைக் காட்டுவதாகச் சொன்னாள். அதனை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.

ஈற்றிலே, ஓர் உண்மையை மறைக்காது சொல்லுதல் கடமை. நம் நாட்டிலே உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. எப்படிப் பகிர்ந்தாலும், வாயிலுக்கு வெளியே நிற்போர் தொகையே பெரிது. முயன்றவர் எல்லாரும் பல்கலைக்கழகம் புகுவர் என்று நான் சொன்னால், அது உங்களை ஏமாற்றுவதாகும்.

அப்படியாயின் இந்த இரண்டாண்டு உழைப்பு வீணா? இல்லை. கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, தொழினுட்பக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம் எனப் பல வாயில்கள் உள. அவற்றுள்ளும் நுழைந்து நிலைக்கத் தேவையானது, விளங்காத ஒன்றின் முன்னே சலிக்காமல் அமர்ந்திருக்கும் பழக்கந்தான். அந்தப் பழக்கத்தை உயர்தர வகுப்புத் தருகிறது. முதலாம் தவணையிலே விலகிச் செல்பவன் இழப்பதும் அதனையே.

பெற்றோரே, இன்று உங்கள் வீட்டிலே ஒரு பிள்ளை அறிக்கையை மறைத்து வைத்துக்கொண்டு தலைகுனிந்து இருக்கலாம். இன்றிரவு அப்பிள்ளையிடம் புள்ளியைக் கேளாதீர்கள். ஒரு கோப்பைத் தேநீரை மேசையில் வைத்துவிட்டு, ‘இன்றைக்கு எந்த இடத்திலே தடுமாறினாய்?’ என்று மாத்திரம் கேளுங்கள். விடை உங்களுக்கு விளங்காமற் போகலாம், அதனாற் குறைவில்லை. சொல்லும்போதே பிள்ளைக்கு அது விளங்கத் தொடங்கிவிடும்.